கடைசிப் பொதுமகன்

என் பெயர் ஸம்சுதீன். ஓப்பநாயக்க டவுனில் கதிரை, கூடாரம், ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். என் பெயருக்கு முன்னால் 'ஒலியியல் பேரறிஞர்' என்று போட வேண்டும். போடாவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, சப்ரகமுவப் பேரறிஞர் பெருமன்றத்துக்குத்தான் கோபம் வரும்.

அல்லாஹ்மேல் ஆணையாக நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. பெருமன்றத்தின் கூட்டமொன்றில் மைக் திடீரென்று ஊளையிட்டது. நான் மேடையேறிப் போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஊளை நின்றது. பேசிக்கொண்டிருந்த தலைவர் வடமலை என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது ஒரு பாமரனின் தட்டு அன்று!" என்றார். நான் கீழே இறங்குவதற்குள் என் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் என் மனைவி ஸாஹிரா, "பேரறிஞரே, கேஸ் முடிஞ்சி போச்சு, சிலிண்டரத் தூக்கிட்டு வாங்க" என்கிறாள். இது தேவையா எனக்கு?

வடமலை தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவர் பேராசிரியர், கலாநிதி, மூதறிஞர், பல்துறை வித்தகர். எந்தத் துறையில் பேராசிரியர் என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். "ஒரு துறையைச் சொன்னால் மற்றத் துறைகளின் மனம் புண்படும்" என்று பதில் வந்தது. மனிதர் வீட்டில்கூட மேடைத் தமிழில்தான் பேசுவார். தேத்தண்ணியில் சீனி குறைந்தால், "இனிமை போதாமையை இவ்விடத்தில் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன்" என்பார்.

பெருமன்றம் தொடக்கத்தில் வருஷத்துக்கு ஒருவரைக் கௌரவித்தது. அந்த அளவில் நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. பிறகு மாதம் ஒருவர் என்றார்கள். பிறகு வாராவாரம் லொறி பிடித்துக் கௌரவித்தார்கள். பெல்மடுல்ல பஸ்ஸின் கொண்டக்டர் போக்குவரத்துச் சிந்தனையாளர் ஆனார். மாணிக்கக் குழியில் மண் கழுவுகிறவர் புவியியல் மேதை. ஆட்டுக்கு ஊசி போடுகிறவர் உயிரியல் வித்தகர். ஆற்றோரத்தில் கசிப்புச் சாராயம் காய்ச்சியவர் இரசாயன ஆய்வாளர். பொலிஸ் பிடித்தபோது தான் ஆய்வுகூடத்தில் இருந்ததாகச் சொன்னாராம்.

பட்டம் கொடுத்தால் சொல்லிக் கூப்பிட வேண்டுமல்லவா? மாபிட்டதென்ன தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கங்காணி ஒவ்வொருவரையும் பட்டத்தோடு கூப்பிட ஆரம்பித்தார். எல்லாரையும் கூப்பிட்டு முடிக்கையில் பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது. கொழுந்து முற்றிப் போகிறது என்று தோட்டத்துத் துரை சத்தம் போட்டார். பெருமன்றம் அவரை முகாமைத்துவ மாமேதையாக்கியது. அதற்குப் பிறகு அவருக்குக் கொழுந்து முற்றுவதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

பெருமன்றத்துக்கு ஒரு விதி உண்டு: பட்டம் பெற்றவர் கீழே உட்காரக் கூடாது, மேடையில்தான் உட்கார வேண்டும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேடை வளர்ந்தது, கீழே கூட்டம் சுருங்கியது. நான் கொண்டுபோகும் கதிரைகளெல்லாம் மேலே போயின. போன வருஷம் மேடை கோயில் மைதானத்தைத் தாண்டித் தேயிலைக்குள் புகுந்துவிட்டது. நான்கு மேதைகளும் ஒரு மூதறிஞரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அட்டை கடிக்கக் கடிக்கச் சபைக்கு முகம் கொடுத்தார்கள்.

சபை என்பது கன்னையா.

கன்னையா மாபிட்டதென்ன தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர். தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியவர்களுக்கெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பட்டம் வழங்கிய நாளில் அவருடைய பசு கன்று போட்டது. மனிதர் மாட்டுக் கொட்டிலில் நின்றுவிட்டார். அதனால் அவர் பெயர் விடுபட்டுப் போயிற்று. அவர் அதைப் பற்றி யோசித்ததாகவும் தெரியவில்லை. கூட்டம் என்றால் குளித்து, சட்டை போட்டு வந்து, முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டுவார். அப்படிச் செய்வதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ. வேறு யாரும் தட்டமாட்டார்கள். மேடையில் உள்ளவர்கள் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கன்னையாவின் மகள் கோகிலாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை சசி, இரத்தினபுரியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் பையன். இரண்டு பேரும் விரும்பியதுதான். சசிக்குத் தாய் தகப்பன் இல்லை, அரநாயக்கவில் இருக்கும் மாமன் சிவனுதான் வளர்த்தவர். சிவனு பன்மொழி மேதை. தமிழிலும் சிங்களத்திலும் ஏசத் தெரியும்.

கூடாரம் போட இடம் பார்க்க நான் கன்னையாவின் லயத்து வீட்டுக்குப் போயிருந்த அன்று சிவனு வந்திருந்தார். சசி தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருந்தான்.

"பொண்ணு நல்ல பொண்ணு, எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் சிவனு. "ஆனா கார்டுல பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால என்னா போடுறது?"

"திரு போடலாங்களே" என்றார் கன்னையா.

சிவனு சிரித்தார். "திருவா? கரண்ட் பில்லுக்குத்தாங்க இப்ப திரு போடுறான். எங்க பக்கம் பேருங்க ஏழெட்டு வரி ஓடுது. ஒங்க பக்கம் மொட்டையா கன்னையான்னு நின்னா, பாக்குறவன் கார்டு பாதி அச்சாகலன்னு நெனைப்பான். ஆவணி முடியறதுக்குள்ள ஒரு சொல்லு வாங்கிருங்க. கலாநிதிதான் வேணும்னு நான் அடம்புடிக்கல. ஒரு சின்ன அறிஞர்னாலும் பரவாயில்ல."

"கெடைக்கலேன்னா?"

"எங்க ஊர்ல ஒரு எடம் இருக்குங்க. பொண்ணோட அப்பா ரெட்டைக் கலாநிதி."

தேத்தண்ணித் தட்டோடு வந்த கோகிலா அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். கன்னையாவின் மனைவி கருப்பாயி அடுப்படியிலிருந்து, "ரெட்டைக் கலாநிதியவே மருமவனுக்குக் கட்டி வையுங்களேன்" என்றாள். சிவனுவுக்கு அது எந்த மொழியிலும் கேட்கவில்லை.

சிவனு போன பிறகு கன்னையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸம்சுதீன் நானா, பெருமன்ற ஆபீசு ஒங்க கடைக்குப் பின்னாடிதானே இருக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எல்லாருக்கும் குடுத்தாங்களே, எனக்கும் ஒண்ணு இருக்காதா?"

"ஏன் இல்லாம? நாளைக்கே வாங்க" என்றேன். இவ்வளவு சுலபமான காரியம் உலகத்தில் வேறு இல்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கன்னையா தலைக்கு எண்ணெய் தடவி வந்தார். தலைவர் வடமலையும் செயலாளர் பிரதீபனும் இருந்தார்கள். பிரதீபன் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ஆவணவியல் அறிஞர். உட்கார்ந்ததும் நேர்முகப் பரீட்சை தொடங்கியது.

"தங்களுக்கு எத்துறையில் ஞானம் உண்டு?" என்று கேட்டார் வடமலை.

"கான் வெட்டுவேங்க."

"அது நீரியல். அதற்கப்பால்?"

கன்னையா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வேற ஒண்ணும் தெரியாதுங்க ஐயா."

வடமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீர்களா பிரதீபன்? ஒன்றும் தெரியாது என்று எத்தனை துணிச்சலாகச் சொல்கிறார்! இந்த உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று நானும் ஒவ்வொரு மேடையிலும் நினைக்கின்றேன். வாய் வருவதில்லை."

தகுதி முடிவாயிற்று. எந்தச் சொல் என்பதுதான் பாக்கி. அதற்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. பண்டிதர் என்று நான் சொன்னேன். பண்டிதர் என்றால் வேட்டி கட்டியிருக்க வேண்டும், கன்னையா காற்சட்டை போட்டிருக்கிறார் என்றார்கள். கல்விமான்?

"அது செத்தவங்களுக்குப் போடுறது நானா, பேப்பர்ல" என்றார் பிரதீபன். "உயிரோட இருக்கிறவருக்குப் போட்டா எடுப்பு எப்பன்னு கேப்பாங்க."

நிபுணர் என்றால் டிவியில் வந்து நாட்டுக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டுமாம். புத்திஜீவி என்பது கூட்டமாக அறிக்கை விடும்போது மட்டும் செல்லும், தனியாக ஒருவரைப் பார்த்துப் புத்திஜீவி என்றால் ஏசுவது போலிருக்குமாம். வெறும் அறிஞர் என்று போட்டால், பேரறிஞராக முயன்று தோற்றவர் என்று ஊர் நினைக்கும். மூதறிஞருக்கு நரை போதாது. சான்றோர் என்ற சொல்லைப் பிரதீபன் மெதுவாக எடுத்தபோது வடமலை கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதில் ஒழுக்கமும் கேட்பார்கள். பெருமன்றம் அந்தச் சொல்லை நெடுங்காலமாகப் பாவிப்பதில்லை."

கடைசியில் 'நீரியல் மாமேதை' என்று ஏகமனதாக முடிவாயிற்று. கன்னையா எழுந்து கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம். அப்போதுதான் பிரதீபன் விதிக்கோவையைப் புரட்டி, "ஒரு சின்ன விஷயம் தலைவர் ஐயா" என்று வாசித்தார். பட்டம் பொதுமக்கள் முன்னிலையில் வழங்கப்பட வேண்டும். பட்டம் பெற்றவர் பொதுமக்களாகக் கருதப்பட மாட்டார்.

"அதிலென்ன? வழமைபோல் வழங்குவோம்" என்றார் வடமலை.

"வழமையா பொதுமக்கள்னு வாறது யாரு?"

மூன்று பேரும் கன்னையாவைப் பார்த்தோம். அவர் இன்னும் கும்பிட்டபடியே நின்றார்.

"இவருக்குப் பட்டம் குடுத்தா, இவர் பொதுமக்கள் இல்லாமப் போயிருவார். பொதுமக்கள் இல்லாமக் குடுத்தா, பட்டம் செல்லாது" என்றார் பிரதீபன்.

"எனக்கு அது வெளங்கலீங்க" என்றார் கன்னையா.

"விளங்காமையே தங்கள் பலம்!" என்றார் வடமலை.

வேறு பொதுமக்களைத் தேடிப் பிடிப்பது என்று முடிவாயிற்று. ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். என் லொறியிலேயே கிளம்பினோம். மேற்பிரிவில் எல்லாரும் நம்முடைய மேதைகள். பலாங்கொடைப் பக்கத்தில் வேறொரு மன்றம், இரத்தினபுரிப் பக்கத்தில் இன்னொன்று, எல்லாரும் கழுத்தில் ஒன்றோடு இருந்தார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் வயலோரம் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆசையோடு போய்க் கேட்டோம். அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, "அனே மாத்தயா, மமத் ஆச்சார்ய கெனெக்" என்றார். அவரும் ஓர் ஆச்சாரியராம். எருமையைப் பற்றிக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

கன்னையாவின் லயத்தில் பக்கத்து வீட்டு ஷாமிளாவுக்குப் பிறந்த குழந்தை நினைவுக்கு வந்தது. பச்சைக் குழந்தைக்கு என்ன பட்டம் இருக்கும் என்று ஓடினோம். பெயர் வைக்கும் முன்பே 'மழலை மாமேதை' ஆக்கியிருந்தார்கள். பொன்னாடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் கருப்பாயியிடம் வந்தோம். அவள் சமையற்கலை வல்லுநர். "ஒங்க பட்டத்தத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா நீங்களே பொதுமக்கள் ஆகிரலாம் அக்கா" என்று பிரதீபன் விளக்கினார்.

"அவ்வளவுதானா? இந்தாங்க" என்று அவள் பொன்னாடையைக் கொண்டுவந்து நீட்டினாள். சோற்றுப் பானை இறக்கி இறக்கி அது கரியாக இருந்தது.

வடமலை இரண்டடி பின்வாங்கினார். "அம்மையே, பட்டத்தைத் திருப்ப இயலாது! அது உடம்போடு ஒட்டியது. உயிர் போனாலும் போகாது. தங்கள் கல்லறையில் அதனைக் கல்லிலே பொறிப்போம்."

"அந்தக் கல்ல இப்பவே குடுத்துருங்க. துணி தொவைக்க ஆவும்" என்றாள் கருப்பாயி.

அதற்குப் பிறகும் வடமலை மனம் தளரவில்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில் மைதானத்தில் ஒத்திகை வைத்தார். கன்னையா கீழே பொதுமக்களாக உட்கார வேண்டும். பெயர் கூப்பிட்டதும் மேடைக்கு ஓடி வந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு, பட்டம் ஒட்டுவதற்குள் கீழே ஓடிப் போய்க் கைதட்ட வேண்டும். பாவம், மனிதர் ஓடினார். மேலே வந்தால் கீழே ஆளில்லை. கீழே போனால் மேலே ஆளில்லை. ஓடி ஓடி மூச்சு வாங்கி மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அங்கேயே நில்லுங்கள்!" என்று கத்தினார் வடமலை. "ஒரு கால் மேடையில், ஒரு கால் தரையில். மேலே இருப்பது அறிஞர், கீழே இருப்பது பொதுமக்கள்."

உடனே ஒரு விவாதம் வந்தது. வலது கால் மேலே இருக்க வேண்டுமா, இடது காலா? உயிரியல் வித்தகர் அழைக்கப்பட்டார். ஆட்டுக்கு எல்லாக் காலும் ஒன்றுதான் என்று அவர் அபிப்பிராயம் சொன்னார். பொன்னாடை மேல்காலுக்கா தோளுக்கா என்று போக்குவரத்துச் சிந்தனையாளர் கேட்டார். தோள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதில் பெருமன்றம் இரண்டாகப் பிளந்தது. கன்னையா இரண்டு காலும் மரத்துப் போய், "ஐயா, நான் இனி எறங்கலாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மைக் இல்லாமல் அவர்களால் ஒரு நிமிடம்கூட அறிஞர்களாக இருக்க முடியவில்லை, கலைந்து போனார்கள்.

விஷயம் கேகாலை வரை பரவிவிட்டது. மாகாணத்திலேயே பட்டம் இல்லாத ஆள் ஒருவர்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும், கன்னையாவுக்கு வந்த மவுசைச் சொல்லி மாளாது. கேகாலைக் கிளை ஒரு விழாவுக்கு அவரைக் கடன் கேட்டது. வேன் வந்தது. சந்தியெல்லாம் 'பொதுமக்கள் வருகை தருகிறார்' என்று பேனர் கட்டினார்கள். பேச்சாளர் ஒவ்வொருவரும், "பெருந்திரளாகக் கூடியிருக்கும் பொதுமக்களே!" என்று விளிக்கும்போதெல்லாம் கன்னையா எழுந்து, "இருக்கேங்க" என்பார். அவருக்குத் தடிமன் பிடித்தால் வடமலை பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணி அனுப்பினார். பொதுமக்களின் தொண்டை கமறுவது பெருமன்றத்தின் எதிர்காலத்துக்கு நல்லதல்லவாம்.

இத்தனையும் நடந்தது, அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. இனிக் கொடுக்கவும் மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிரதீபன் என்னிடம் வாய்விட்டே சொன்னார்: "இருக்கிற ஒரு பொதுமக்களையும் மேதையாக்கிட்டா நாங்க யாருக்கு நானா மேதை?"

ஆவணி பாதி ஓடிவிட்டது. ஒருநாள் கன்னையா என் கடைக்கு வந்து, கதிரையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"நானா, இந்த ஊர்ல நான் கை தட்டாத ஆள் இல்ல. ஒரு ஆள் பாக்கியில்ல. எனக்கு ஒரு சொல்லு குடுக்க ஒருத்தருக்கும் வழியில்லியே. எம் புள்ள சோறு திங்க மாட்டேங்குது. ராவெல்லாம் அழுகுது. அந்த அரநாயக்கப் பொண்ணு வீட்டுக்கு வர்ற வெள்ளிக்கெழம பாக்குவெத்தல கொண்டுபோறாங்களாம்" என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒரு கல்யாணக் கார்டின் முதல் வரியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, இந்த அறிஞர் பட்டாளத்துக்கு அது ஒரு விஷயமே இல்லை. நாசமாய்ப் போக! ஆனால் நான் என்ன செய்ய? நானும் அந்தப் பட்டாளத்தில் ஒருவன்.

அந்த வாரம்தான் பெருமன்றத்தின் மாகாண மகாநாட்டுக்கு அழைப்பு வந்தது. முக்கிய நிகழ்ச்சி: அரநாயக்கப் பன்மொழி மேதை சிவனு அவர்களுக்குக் கலாநிதிப் பட்டம். சிவனு கறுப்பு அங்கி தைத்து, நான்கு மூலைத் தொப்பியோடு ஸ்டூடியோவில் படம் எடுத்து, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும்விட்டாராம். பட்டம்தான் பாக்கி. பட்டத்துக்குப் பொதுமக்கள்தான் பாக்கி.

அழைப்பைக் கொடுக்கப் பிரதீபன் லயத்துக்குப் போனார். கன்னையா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நான் வரலீங்க தம்பி" என்றார். 

"ஏன்?"

"கை தட்ட வராதுங்க. கை எழும்ப மாட்டேங்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு தந்திரமும் இல்லை. அவருக்குத் தந்திரம் தெரிந்திருந்தால் எப்போதோ பேராசிரியர் ஆகியிருப்பார். மனிதருக்கு மனசு விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான்.

பெருமன்றம் ஆடிப் போய்விட்டது. வடமலை தலைமையில் ஊர்வலமாக லயத்துக்கு வந்தார்கள். அரநாயக்கவிலிருந்து சிவனுவும் வேன் பிடித்து வந்து சேர்ந்தார். உயிரியல் வித்தகர் கன்னையாவின் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "கையில கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்படியாயின் எங்கே கோளாறு?" என்று கேட்டார் வடமலை.

"எங்கன்னு தெரியலீங்க ஐயா" என்றார் கன்னையா. "புள்ளைக்குக் கல்யாணம் காட்சின்னு நடந்தா எழும்புமோ என்னமோ."

எல்லா முகமும் சிவனுவின் பக்கம் திரும்பியது. சிவனு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மண்டைக்குள் என்ன ஓடியது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கன்னையாவுக்கு ஒரு பட்டம் கொடுக்கச் சொன்னால் கல்யாணக் கார்டு நிமிர்ந்துவிடும், ஆனால் பொதுமக்கள் ஒழிந்துவிடும், தன் கலாநிதி காற்றில் போகும். பட்டம் இல்லாமல் விட்டால் கலாநிதி நிச்சயம், ஆனால் மொட்டைப் பெயரோடு சம்பந்தம் பண்ண வேண்டும். ஒரு பக்கம் மருமகனின் கார்டு, மறுபக்கம் தன் தொப்பி. தொப்பிதான் கனத்தது.

"கார்டுல… திரு போட்டுக்கலாம்" என்றார் சிவனு, பல்லைப் பிடுங்கியது போல.

கதவுக்குப் பின்னாலிருந்து கோகிலா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, இரண்டும் கேட்டது. "மொதல்ல கல்யாணம், பொறகுதான் மகாநாடு" என்றாள் கருப்பாயி.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் கோயில் மைதானத்தில் கல்யாணம். ஒன்றைத் தவிர என் கதிரை அத்தனையும் மேடையில். மணவறை போட இடம் விடுங்கள் என்று கெஞ்சினேன். எந்த மேதையை எழுப்புவது என்று பெருமன்றம் யோசித்து, மணமக்களைக் கீழே உட்கார வைத்தது. மேடைக்கு முன்னால் புல்லில் பாய் விரித்து, சசியும் கோகிலாவும் ஐயரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒற்றைக் கதிரையில் கன்னையா. மேடையில் உள்ளவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை, முன்னால் இருந்தவர்களின் தலைப்பாகைதான் தெரிந்தது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐயர் மந்திரத்தை எடுத்தார். வடமலை மைக்கை எடுத்தார். ஐயருக்கு மைக் இல்லை.

"இந்நிகழ்வில் வீற்றிருக்கும் பேராசிரியர்களே, கலாநிதிகளே, மூதறிஞர்களே…" என்று தொடங்கி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளித்து, தேயிலைக்குள் இருந்தவர்கள் வரை போனார். முகூர்த்தம் கழிந்துகொண்டிருந்தது. ஐயர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கருப்பாயி என்னைப் பார்த்துக் கழுத்தை அறுப்பது போல் கையைக் காட்டினாள், வயரைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். சசி தாலியைக் கையில் பிடித்தபடி, மாமன் தலையசைக்கட்டும் என்று மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வடமலை விளித்து முடித்துக் கீழே பார்த்தார். கன்னையா கண்ணில் தண்ணீரோடு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடமலைக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. அவருக்கு உணர்ச்சி பொங்கினால் ஒரு வைத்தியம்தான் தெரியும். பிரதீபனின் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு பொன்னாடையை உருவி எடுத்தார்.

"இத்தகைய தந்தையை நாம் வெறும் பொதுமகனாக விட்டு வைப்பது தகுமா? தகாது! விதியாவது ஒன்றாவது! இம்மங்கல வேளையிலே, இதோ, இவ்விடத்திலேயே, நீரியல் மாமேதை என்ற…"

படியில் இறங்கிக் கன்னையாவை நோக்கி நடந்தார். பொன்னாடை விரிந்துவிட்டது. மேடை திகைத்துப் போயிற்று. அடுத்த வாரம் மகாநாடு!

சிவனு பாய்ந்தார். அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. படி எல்லாவற்றையும் ஒரே எட்டில் தாண்டி, வடமலையின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, கன்னையாவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார்.

"வேணாம்! போடாதீங்க!" மைக் அவர் குரலை மலையடிவாரம் வரை கொண்டுபோனது. "எங்க சம்பந்தி சும்மா ஆளு! இவருக்கு ஒரு எழவும் தெரியாது! இவரு மேதையும் இல்ல, அறிஞரும் இல்ல, வெறும் கன்னையா! வெறும் கன்னையா வீட்டுலதான் நான் பொண்ணு எடுக்கிறேன், கேட்டுக்கிட்டீங்களா? யாராவது இவரை அறிஞர்னு சொன்னீங்க, மங் கியன்னங், நான் யாருன்னு காட்டுவேன்! டேய் சசி, என்னாடா மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கே? கட்டுடா தாலிய!"

சசி கட்டினான். மேளம் வெடித்தது. பொன்னாடை இன்னும் வடமலையின் கையில் விரிந்தபடியே இருந்தது.

அன்றைய பேச்சுகளில் அதுதான் மிகச் சின்னது. அது முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் கன்னையா வழக்கம்போல எழுந்து நின்று, சிவனுவைப் பார்த்து மரியாதையாகக் கைதட்டினார். தட்டி முடித்த பிறகுதான் மகளின் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தட்டினார்.